பாலாம்பிகை டீச்சர் வீட்டு முகாமில் பாடம் கிடையாது

என் மனைவி பாலாம்பிகை ஒரு முடிவெடுத்தால் அதை எனக்கு அறிவிப்பாள்; என்னைக் கேட்கும் வழக்கம் கிடையாது. ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்கள் வீட்டு மாடியில் சிறுவர் முகாம் நடத்தப் போவதையும் அப்படித்தான் அறிவித்தாள். முகாம் என்றாலே நம் நாட்டில் எனக்கு அகதி முகாம் ஞாபகங்கள்தான் வரும்.

"ரெண்டு கிழமைதாங்க, பதினாலே நாள். வெளையாட்டு மட்டும். பாடம் கெடையாது" என்றாள்.

இதைச் சொன்னவள் யார் தெரியுமா? கண்டியில் பதினெட்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிப்பவள். புலமைப்பரிசில் பரீட்சையில் ஊரார் பிள்ளைகளை வரிசையாகப் பாஸ் பண்ண வைத்தவள். கேட்டுக்கொண்டிருந்த நான், கட்டுக்கலைப் பகுதியில் இருக்கும் அதே வீட்டின் கீழ்த்தட்டில் போட்டோகொப்பிக் கடை வைத்து, அதே பரீட்சையின் பழைய வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாக விற்பவன். மேலே பாடம் கிடையாது, கீழே பாடத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. தலையில் அடித்துக்கொண்டேன்.

காரணம் எங்கள் சின்ன மகள் துலக்‌ஷனா. அந்த வருஷம் அவளுக்குத்தான் பரீட்சை. வினாத்தாளைக் கண்டாலே அவளுடைய கை தானாக இடது புருவத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவாள். ஜூலை முடிவதற்குள் பாதிப் புருவத்தைக் காணவில்லை.

"பரீட்சை வரைக்கும் ஒரு பேப்பரும் அவ கண்ணுல படக் கூடாது. அவ புருவம் மொளைக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க" என்றாள் பாலாம்பிகை. தனியாக இருந்தால் பிள்ளை பரீட்சையையே யோசித்துக்கொண்டிருப்பாள், விளையாடக் கூட்டாளிகள் வேண்டும் என்றுதான் இந்த முகாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் மூத்தவள் சந்திரிகா ஆறு வருஷத்துக்கு முன் இதே பரீட்சையில் தேறுவதற்கான வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவாக எடுத்தாள். டீச்சரின் மகளே கோட்டை விட்டால் ஊர் என்ன பேசும்? பாலாம்பிகை நாலு நாள் அவளோடு பேசவில்லை. இப்போது பதினாறு வயது; சந்திரிகாதான் எங்களோடு பேசுவதில்லை. எந்நேரமும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். இந்த நாலு நாளைச் சொல்லி நான் பாலாம்பிகையைக் குத்திக்காட்டாத மாதமே இல்லை.

எட்டுப் பிள்ளைகளோடு தொடங்கிய முகாமில் மூன்றாம் நாள் பதினான்கு பேர். பரீட்சை நெருங்கினால் டியூஷன் வகுப்பு நடத்தக் கூடாது என்று வருஷா வருஷம் தடை வரும். உடனே ஊர் மூளை வேலை செய்துவிட்டது. பாலாம்பிகை டீச்சராவது, சும்மா விளையாட்டுக் காட்டுவதாவது! தடைக்குத் தப்பத்தான் முகாம் என்ற பெயர். வரப்போகும் கேள்விகளை விளையாட்டுக்குள் ஒளித்துச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கதை பரவியது.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அழகையா தன் மகனைத் தினமும் பஸ்ஸில் கூட்டி வருவார். பிள்ளையை மேலே அனுப்பிவிட்டு, என் கடைக் கதிரையில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்துவிடுவார்.

"ஐயா, நேத்து பாண்டி ஆடயில டீச்சர் எட்டாவது கட்டத்தோட நிப்பாட்டிட்டாங்களாம். எட்டுல ஏதாச்சும் வருமாங்க?"

"மழை வந்துச்சு, நிப்பாட்டுனாங்க."

அவர் கொப்பியில் 'மழை' என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி றலியா பின்புறக் குசினிக் கதவு வழியாக வந்து ரகசியம் பேசினார். "டீச்சர், அந்த ஆடு புலி ஆட்டத்துல எத்தன புலியெண்டு மக மறந்துட்டா. கொஞ்சம் செல்லுங்களே. நான் ஒத்தருக்கும் செல்ல மாட்டேன்."

எதுவுமே சொல்லிக் கொடுக்கவில்லை என்று பாலாம்பிகை சத்தியம் செய்தாள். அவள் சத்தியம் செய்யச் செய்ய அவர்களுக்கு நம்பிக்கை கூடியது.

மாடியிலோ தினமும் கண்டிப் பெரஹரா ஊர்வல விளையாட்டு. கட்டில் விரிப்பைப் போர்த்திக்கொண்ட நாலு பேர் யானை, என் புது வேட்டிதான் துதிக்கை, பிஸ்கட் தகரங்கள் மேளம். அவர்கள் ஆடும்போதெல்லாம் மேலிருந்து சுண்ணாம்புத் தூள் என் மெஷினில் கொட்டியது. தண்ணீர் டாங்கி பத்து மணிக்கே காலி. வாடிக்கையாளர் ஒருவர், மேலே கல்யாணமா என்று கேட்டார். என் பொறுமை போய்விட்டது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பத்தாம் நாள் துலக்‌ஷனாவின் புருவத்தில், நாற்று விட்டதுபோல் கறுப்பாக முளை தெரிந்தது. பாலாம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், என்னையும் இழுத்துவந்து காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்த தன் அக்காவைப் பார்க்கப் போனாள். "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். சும்மா பார்த்துக்கிட்டு இருங்க, அது போதும்" என்றாள்.

அவள் பஸ் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் ஆடிய பிள்ளைகளும் மாடிக்கு வந்துவிட்டார்கள். யானைக்கு மதம் பிடித்தது. யானை மோதி என் அலுமாரிக் கண்ணாடி விரிசல் விட்டது. நான் கத்தினேன், யாருக்குக் கேட்டது? விறுவிறுவென்று கீழே போய்ப் பதினான்கு வினாத்தாள்களை உருவிக்கொண்டு வந்து, ஆளுக்கொன்று கொடுத்தேன்.

முகாம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டில் மழைச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் குனிந்த தலை நிமிரவில்லை. அழகையா படியேறி வந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "இதத்தாங்க ஐயா எதிர்பார்த்தோம்" என்றார். எனக்குப் பெருமையாகவே இருந்தது, பொய் சொல்வானேன்.

பாலாம்பிகை நனைந்துகொண்டு வந்தாள். வந்த கையோடு தாள்களைச் சேகரித்தாள். பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, துலக்‌ஷனாவின் தாளை மட்டும் ஆடாமல் அசையாமல் இரண்டு கையாலும் ஏந்திவந்து என் மேசையில் வைத்தாள்.

எல்லாக் கணக்கும் சரி. தாளின் மேல் குட்டிக் குட்டியாக, அரிசி நீளம்கூட இல்லாத புருவ முடிகள் கிடந்தன.

"எல்லாஞ் சரியா செஞ்சிருக்கா, பாருங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

என் மேல் எனக்கே வந்த கோபத்தை எங்கே காட்டுவது? வழக்கமான இடத்தில் காட்டினேன். "நான் ஒரு நாள் பேப்பர் குடுத்தேன், அவ்வளவுதானே! பெத்த பிள்ளையோட நாலு நாள் பேசாம இருந்தவ நீ."

படியில் சந்திரிகா நின்றிருந்தாள். எப்போது கதவைத் திறந்து வந்தாளோ தெரியாது.

"நீங்களுந்தான் பேசலப்பா," என்றாள். "அம்மா அஞ்சாம் நாளு வந்து பேசுனாங்க. நீங்க கிறிஸ்மஸ் லீவு வரைக்கும் பேசல."

அது உண்மை. அந்த மாதங்களில் கடை மும்முரம், வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். பாலாம்பிகை இத்தனை வருஷம் நான் குத்திய குத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு நாளும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரிகா திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு யானையின் பின்காலாக நின்றேன். அழகையா அதையும் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை மண்டப வாசலில் ஒரே கூட்டம். வெளியே வந்த பிள்ளைகளை மறித்து, என்ன கேள்வி வந்தது, எத்தனை எழுதினாய் என்று உலுக்கிக்கொண்டிருந்தார்கள். துலக்‌ஷனா வந்தாள். எதையும் கேட்கக் கூடாதென்று நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்; ஆனால் கண் நேரே அவள் புருவத்துக்குத்தான் போனது. அவள் கண்டுகொண்டாள்.

"ரெண்டே ரெண்டு முடிதாம்ப்பா" என்றாள், ரெண்டு புள்ளி போனதுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

வீடு வரும்வரை வாய் ஓயாமல் அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் மாடியேறிப் போய்ச் சந்திரிகாவின் கதவைத் தட்டினேன். ஆறு வருஷம் பிந்திவிட்டது.