நோன்பு திறக்கச் சொல்லும் விளக்கு

லியாகத் அலிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் பத்து வருஷமாக ஃபிட்டர். இயந்திரங்களிடம் அவருக்குப் பொறுமை உண்டு, மனிதர்களிடம்தான் கிடையாது.

மனைவி ஷம்ஷாத்துக்கு டைபாய்டு வந்ததில் இரண்டு காதும் போயிற்று. ராயபுரத்தில் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளிவாசல். நோன்பு மாதத்தில் அந்தி சாய்ந்ததும் நோன்பு திறக்கச் சொல்லி அங்கே நகரா முரசு கொட்டுவது தெருவுக்கே கேட்கும், அவளுக்குக் கேட்காது. ஓரகத்தி தாஹிரா வந்து சொன்னால்தான் நோன்பு திறக்கலாம். தாஹிராவோ சில நாள் தன் கஞ்சியைக் குடித்து முடித்த பிறகுதான் இவளை நினைத்துக்கொள்வாள்.

“ஒரு பேரீச்சம்பழம் துன்றதுக்கு நான் தெனம் அடுத்தவங்க மூஞ்சப் பாத்துகினு குந்தியிருக்கணுமா?” என்று ஷம்ஷாத் ஒருநாள் அழுதாள். லியாகத்தால் அதைத் தாங்க முடியவில்லை. நகராவுக்குப் பதில் அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு விளக்கு வைப்பது என்று முடிவு செய்தார்.

சும்மா எரியும் விளக்குகள் பள்ளிவாசலில் ஏற்கெனவே இருந்தன. விட்டுவிட்டு எரிந்தால்தான் அவளுக்குத் தனியாகத் தெரியும். பித்தளைத் தகடு ஒன்று, இரும்புத் தகடு ஒன்று, இரண்டையும் சேர்த்து ரிவிட் அடித்தார். மேலே மைக்கா வைத்து, பழைய எலெக்ட்ரிக் இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சுற்றினார். கரண்டு ஓடினால் தகடு சூடாகி வளைந்து, விளக்குக்குப் போகும் முனையை விட்டு விலகும், விளக்கு அணையும். ஆறினால் திரும்ப வந்து தொடும், எரியும். ஆனால் முதல் தடவை பித்தளையைத் தப்பான பக்கம் வைத்துத் தொலைத்தார். சூடேற ஏறத் தகடு இன்னும் இறுகி ஒட்டிக்கொண்டது. ரிவிட்டைப் பெயர்த்து, கையைச் சுட்டுக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டு நான்கு நாள் மாரடித்தார்.

ஒருவழியாக மினுக்கியது. பள்ளிவாசல் ஜன்னலில் மாட்டி, பாங்கு சொல்லும் மோதினார் மஜீதிடம், “நகரா கொட்டினதும் இந்த சுவிச்சப் போடு பாய். வேற எதையும் தொடாத” என்று பத்துத் தடவை சொன்னார். மினுக்கினால் நோன்பு திறக்கலாம் என்று ஷம்ஷாத்துக்குச் சாடையில் விளக்கினார். இரண்டு நாள் நன்றாகவே நடந்தது.

மூன்றாம் நாள், ஷிஃப்ட் முடிந்து வழியிலேயே நோன்பு திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. ஷம்ஷாத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. லியாகத் பழத்தை எடுத்து நீட்டினார்.

“இருட்டினது எனக்கும் தெரிது,” என்றாள். “நீங்க சொல்லித்தான் தொறக்கணும்னா இந்த லைட்டு இன்னாத்துக்கு?” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிவாசலுக்கு ஓடினார். தகட்டின் முதுகில், அது விலக முடியாதபடி, பல் துலக்கும் மிஸ்வாக் குச்சித் துண்டு ஒன்று ஆப்பாகச் செருகியிருந்தது. பக்கத்தில் மஜீது பெருமையாக நின்றார்.

“லூஸ் கனெக்சன் மாமு. வுட்டு வுட்டு எரிஞ்சுகினு ஒரே பேஜாரு. நான்தான் குச்சி சொருவினேன். இப்ப பாரு, இன்னாமா எரியுது.”

“அது லூஸ் இல்ல பாய். அது அணையறதுக்குத்தான் நாலு நாளு உசுர வுட்டேன்.”

குச்சியைப் பிடுங்கினார். விளக்கு பொட்டென்று அணைந்தது. அளவுக்கு மீறிச் சூடேறிய தகடு ஆறவே மாட்டேன் என்றது. மஜீதையும் பித்தளையையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

எதிர் ஜன்னலில் ஷம்ஷாத் பழத்தை எடுத்தாள். நோன்பு திறக்கும் துஆவை முணுமுணுத்துவிட்டுக் கடித்தாள். எதிரே நிற்கும் புருஷன் மூஞ்சியைக்கூட அவள் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் லியாகத் அலியின் கோபம் இறங்கியது.