நாத்தனார் ஏறிய சம்பான்

வடிவம்மாள் என்ற பெயரை வேலாயி முதன்முதலாகக் கேட்டது, தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான். எழுபத்து மூன்றாம் வருஷம். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில், தட்டில் கேசரியோடு வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாமியாராகப் போகிறவள் சொன்னாள்: "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. எங்க வடிவு இன்னும் கொஞ்சம் ஒசரம்."

வடிவு, மாப்பிள்ளை ராமையாவுக்கு நேர் இளையவள். ராமையாவின் அப்பாவைப் பெற்றவரும் வேலாயியின் அம்மாவைப் பெற்றவரும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். ஒருவர் மலையேறித் தேயிலைக்குப் போனார். ஒருவர் அடிவாரத்திலேயே பால் மரத்தோடு நின்றுகொண்டார். அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம், வேலாயியைக் குளிருக்குள் கொண்டுபோய் விட்டது.

மலையில் எதை எடுத்தாலும் வடிவுதான். கொழுந்து கிள்ளக் கற்றுக்கொடுத்தவள் வடிவு. "அவ விரலைப் பாரு லா, பார்த்துக் கத்துக்க" என்பார் கங்காணி. ரசம் கொதித்தால், "வடிவு வைக்கிற வாசம் வரலியே" என்பாள் மாமியார். ராமையாகூட, தலைப்பிள்ளையைக் கையில் வாங்கியவன், "அப்படியே எங்க வடிவு மூக்கு" என்றான். பத்து மாசம் சுமந்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் வடிவு வாய்த்துடுக்கு இல்லாதவள். அண்ணி, அண்ணி என்று பின்னாலேயே வருவாள். சண்டை போடவும் இடம் கொடுக்காத நாத்தனார் வாய்த்தால் என்ன செய்வது? வேலாயிக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. அந்த வீட்டில் ஒரே ஒரு நாள், யாராவது வடிவைப் பார்த்து, "அண்ணியைப் பாரு, எப்படிச் செய்யறா" என்று சொல்லிவிட வேண்டும்.

எழுபத்தெட்டில் கொர்னேலியஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரையாக, பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியாக, வந்தார். நம்மாள்தான், வேதக்காரர், வெளிநாட்டில் படித்தவர். லாரியிலிருந்து சாமான் இறக்கும்போது கூடவே மேல்பக்கம் மூடிய இரண்டு நீளப் படகுகள் இறங்கின. நடுவில் மட்டும் ஓட்டை. அதில் ஆள் இடுப்புவரை நுழைந்து உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். கயாக் என்றார் அவர். லயத்தில் எல்லாருக்கும் அது, மலாய்க்காரர் துடுப்புப் போடும் சின்னப் படகு மாதிரி, சம்பான்தான்.

தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் பாறை நாலு படியாக இறங்கும். பிறகு ஒரு மடு. மடுவைத் தாண்டினால் அருவி. நாலு படியும் இறங்கி மடுவில் கரையேற, தன்னோடு இன்னொரு ஆள் வேண்டும் என்றார் சின்னத்துரை. முதல் படியில் ஆம்பிளைகளை வைத்துப் பார்த்தார். சம்பான் மூக்கைக் கீழே குத்தியதும் ஒவ்வொருவனும் பயந்து பின்னால் சாய்ந்தான். சாய்ந்த வேகத்தில் கவிழ்ந்தான். கூடை கட்டிச் சரிவில் இறங்கிப் பழகிய பொம்பிளைகள் முன்னால் குனிந்தார்கள். வடிவு கவிழவில்லை. வேலாயியும் கவிழவில்லை.

"ரெண்டு பேருமே நல்லா வராங்களே" என்றார் சின்னத்துரை.

வேலாயிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மாமியார் கரையிலிருந்து கத்தினாள்: "கைப்பிள்ளைக்காரிக்கு என்ன சம்பான் வேண்டிக் கெடக்கு? ஏறி வாடி! வடிவு போவா."

அத்தோடு போயிற்று.

சம்பானின் வாயில் தண்ணீர் புகாமல் மூட ஒரு உறை வேண்டும். ஒன்று கிழிந்துபோயிருந்தது. தையல் தெரிந்தவள் வேலாயி. உரச்சாக்குப் பிளாஸ்டிக்கை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, ஓரத்தில் கயிறு கோத்துக் கொடுத்தாள். "கயிற்றை முன்னால சுருக்குப் போடுங்க. ஒரே இழுப்பில கழலணும்" என்று சின்னத்துரை இரண்டு தடவை சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயமே பாறையில் உட்கார்ந்திருந்தது. சின்னத்துரை முதல் படி இறங்கிப் போய்விட்டார். வடிவு உட்கார, வேலாயி உறையை விரித்தாள்.

"பாருடி, வடிவு இடுப்புக்கு அந்த உறை எவ்வளவு அழகா இருக்கு" என்றாள் மாமியார்.

தைத்தவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேலாயி உறையைச் சம்பானின் வாய் விளிம்பில் பொருத்திக் கயிற்றை இழுத்தாள். பனிக்கு நனையாமல் தினமும் காலையில் ஒருவருக்கொருவர் இடுப்பில் பிளாஸ்டிக் கட்டிவிடுவார்களே, கூடை உரசினாலும் அவிழாமல், அதே மாதிரி முதுகுப் பக்கம் இறுக்கி இரண்டு முடிச்சு. கை தானாகப் போட்டதா, மனசு போடச் சொன்னதா, அவளுக்கே தெரியாது. சம்பானைத் தள்ளிவிட்டாள்.

வடிவு நாலு படியும் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் கரையில் ஒரு கூச்சல். தேயிலைப் பாதையில் கூடவே ஓடிய வேலாயியின் நெஞ்சு அந்தக் கூச்சலுக்கெல்லாம் எரிந்தது. மடுவில் சம்பான் கரையை முட்டியது. ராமையா கையை நீட்டினான்.

"எந்திரி! தாவு!"

"முடியலண்ணே, கட்டியிருக்கு!"

முன்னால் தடவினாள். சுருக்கு இல்லை. தண்ணீர் சம்பானின் வாலைப் பிடித்துத் திருப்பியது. ராமையா பிடித்த கை வழுக்கியது. சின்னத்துரை தண்ணீரில் குதிப்பதற்குள் சம்பான் அருவியின் உதட்டுக்குப் போய்விட்டது. வடிவு முன்னால் குனிந்தாள். பிறகு அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

வேலாயி எப்படிக் கீழே இறங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. செத்துப்போகாதே, செத்துப்போகாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டே இறங்கினாள். அருவிக் குளத்தில் சம்பானின் மூக்கு மேலே வந்தது. பிறகு வடிவு, மூக்கிலிருந்து ரத்தம் வழிய, கையில் துடுப்போடு. உறை மூடிய சம்பானுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

ஊறி இறுகிய முடிச்சை வேலாயி பல்லால் கடித்து அவிழ்த்தாள். "எப்பவும் போல கட்டிட்டீங்களா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள் வடிவு.

சின்னத்துரை ஓடிவந்தார். "யாரு கட்டினது?"

"நான்தான்யா, பழக்கத்தில" என்றாள் வடிவு.

அவள் உயிரோடு வந்ததற்கு அழுத வேலாயி, இந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள். நல்ல பேரும் அவளுக்கே போயிற்று.

அதற்கப்புறம் அருவியில் இறங்கிய வடிவு என்று திரிங்காப் வரைக்கும் பேச்சு. அங்கே காய்கறி லாரி ஓட்டிய வேலப்பன் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பெண் கேட்டு வந்தான். எண்பத்தொன்றில் கல்யாணம். பந்தியில் ஆளாளுக்கு அருவிக் கதை சொன்னார்கள். இலை போட்டுக்கொண்டிருந்த வேலாயிக்குப் பொறுக்கவில்லை.

"அந்த முடிச்சுப் போட்டது நான். முதுகுப் பக்கம் அவ கை எப்படி எட்டும்? அந்த முடிச்சு இல்லாட்டி அவ மடுவிலேயே கரையேறியிருப்பா. அருவி ஏது, பேரு ஏது?"

மாமியார் சிரித்தாள். "இதிலயும் பங்கு கேக்கிறியாடி? அவதான் தானே கட்டினேன்னு சொன்னாளே!" எல்லாரும் சிரித்தார்கள். ராமையாவும்.

மணையில் இருந்த வடிவு மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணி சொல்றது நெசம்தான்" என்றாள்.

"பாத்தியா, அண்ணியை விட்டுக்கொடுக்க மாட்டா எங்க வடிவு. என்ன குணம்!" என்றாள் மாமியார்.

வேலாயி மிச்ச இலையையும் போட்டு முடித்தாள்.

வடிவம்மாள் இப்போது ரிங்லெட்டில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள். வேலாயியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.