கீறல் இல்லாமல் ஆறு கார்

கார் ஓட்டத் தெரிந்தவனுக்குக் காரை லொறியில் ஏற்றவும் தெரியும் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, வாருங்கள். நானும் அப்படித்தான் வந்து மாட்டிக்கொண்டேன். பருத்தித்துறை - யாழ்ப்பாணம் வீதியில் பதினெட்டு வருடம் மினிபஸ் ஓட்டியவன் நான். அதை விற்றுவிட்டு, கொழும்பிலிருந்து ஆறு கார்களை இரண்டு தட்டில் ஏற்றிவரும் லொறிக்குச் சாரதியாகச் சேர்ந்தேன். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: முதல் மூன்று லோடிலும் எந்தக் காரிலும் ஒரு கீறல் விழக் கூடாது, விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். மினிபஸ்ஸும் கையில் இல்லாததால் எனக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது.

முதல் கீறல்

யாழ்ப்பாணத்தில் எங்கள் யார்டில் ஒரு பழைய காரை வைத்துப் பழக்கினார்கள். பழக்கியது ஜெசிந்தா. கடலோடிகளின் ஊரான குருநகர்ப் பெண், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். யார்டில் ஏற்றுவதும் இறக்குவதும் அவள் கண் முன்னால்தான் நடக்கும்; கீறல் பார்த்துப் படிவம் எழுதுவதும் அவள்தான். இவள் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறாள் என்று மனதுக்குள் ஒரு எடுப்பு. பாட்டைப் போட்டு, முழங்கையை யன்னலில் வைத்து, ஒரே மூச்சில் காரை மேல்தட்டுக்கு ஏற்றினேன். இறங்க ஏணி இருந்தது. நானோ மினிபஸ் பழக்கத்தில் குதித்தேன். றப்பர்ச் செருப்பில் ஒன்று மேலேயே நின்றுவிட்டது. நான் முழங்காலில் வந்து சேர்ந்தேன்.

ஜெசிந்தா ஓடிவந்து தூக்கிவிட்டாள், தண்ணீர் தந்தாள். பிறகு காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

“காரிலை கீறல் இல்லை. றைவரிலை ஒண்டு கிடக்கு. அதையும் எழுதவோ, அண்ணை?”

செத்த மாடு

அடுத்த நாள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குக் கட்டும் பாடம். மினிபஸ் கூரையில் வாழைக்குலையும் சைக்கிளும் கட்டிய எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? காரின் அடிச்சட்டத்தில் பெல்ட்டைக் கொளுவி, இருந்த பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். ஜெசிந்தா காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்தினாள். கார் பணிந்தபோது என் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. கொழும்பு வீதியில் எத்தனை பள்ளம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் பெல்ட்டை அவிழ்த்து, சில்லுகளின் டயரைச் சுற்றிப் போட்டுத் தட்டோடு இறுக்கிக் காட்டினாள். இப்போது எவ்வளவு அமத்தினாலும் கார் தன்பாட்டில் துள்ளியது, சில்லு நின்ற இடத்தில் நின்றது.

“வள்ளம் ஆடும் எண்டு தெரிஞ்சுதான் நாங்கள் கட்டுறனாங்கள். உங்கடை கார் என்ன செத்த மாடோ, ஆடாமல் கிடக்க?”

முறிகண்டியில் கச்சான்

முதல் லோட் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. எனக்குத் தலைக்கனம் ஏற அது போதுமாக இருந்தது. இரண்டாவது லோடில், கொழும்பில் கட்டியதோடு சரி, வழியில் ஓரிடத்திலும் இறங்கிப் பெல்ட்டைப் பார்க்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் மட்டும் நிறுத்தினேன். யாழ்ப்பாணம் வருகிற எந்தச் சாரதிதான் அந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டுவான்? தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, வறுத்த கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு நிற்கையில் ஜெசிந்தா தொலைபேசியில் வந்தாள். தேங்காய் உடைத்தாயிற்றா என்று கேட்டாள். ஓம் என்றேன். பெல்ட் பார்த்தாயிற்றா என்று கேட்டாள். மிச்சக் கச்சானை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறினேன். மேல்தட்டில் கடைசியாக நின்ற வெள்ளைக் காரின் பின்சில்லுப் பெல்ட்டுக்குள் என் கை முழுதாகப் போய்வந்தது. ஓமந்தையிலிருந்து என் லொறிக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் திரும்பி வீதியைப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு அவளை அழைத்து உள்ளதைச் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை.

“பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் போதும், அண்ணை. சில்லு இருபத்துநாலையும் நீங்கள்தான் தொட்டுப் பாக்கவேணும்.”

எலுமிச்சம்பழம்

மூன்றாவது லோடும் யார்டுக்கு வந்துவிட்டது. இறக்கிவிட்டால் வேலை நிரந்தரம். மேல்தட்டில் நின்ற சிவப்புக் கார் உடுப்பிட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரருடையது. மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரத்தோடு குடும்பமே வந்து நின்றது. ராகுகாலம் தொடங்கக் கால் மணித்தியாலம் இருந்தது. தூறலில் ஏறுபலகை நனைந்திருந்தது. மாஸ்ரர் அவசரப்படுத்தினார், அவரைப் பார்த்து முதலாளியும் அவசரப்படுத்தினார். நான் அசையவில்லை. கீழ்த்தட்டுக் கார்களை எடுத்து, மேல்தட்டைத் தாழ்த்தி, பலகையைத் துடைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்ன பிறகுதான் சிவப்புக் காரில் ஏறினேன். ஜெசிந்தாவின் கை கண்ணாடியில் தெரிந்தால் பின்னால் எடுப்பேன், மறைந்தால் நிற்பேன்; இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

பாதிப் பலகையில் கை மறைந்தது. மினிபஸ் காலமென்றால் ஹோர்ண் அடித்துவிட்டு வந்திருப்பேன். பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், பலகையின் அடியில், பின்சில்லு வரும் நேர்கோட்டில், மாஸ்ரர் குனிந்திருந்து எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருக்கிறார். நல்ல நேரம் போகமுன் சில்லு பழத்தில் ஏறவேண்டுமாம். அவரை இழுக்கத்தான் ஜெசிந்தா பாய்ந்திருக்கிறாள். அவருக்கும் காருக்கும் இடையில் இரண்டு முழம்கூட இல்லை.

அவரை அப்பால் கொண்டுபோய் இருத்தி, காரை மெல்ல இறக்கி, சமதரையில் பழம் வைத்து நசுக்கினோம். அதற்குள் ராகுகாலம் தொடங்கிவிட்டது. ஜெசிந்தா இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீறல் இல்லை என்று எழுதினாள். முதலாளி லொறிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டார். எனக்கு அந்த இடத்திலேயே ஆடவேண்டும்போல இருந்தது. மாஸ்ரர் எழுந்து வந்தார்; காருக்குக் கொண்டுவந்த மாலையை என் கழுத்தில் போட்டார்.

“ராகுகாலம் வந்தால் வரட்டும், தம்பி. நான் இருக்கிறன்தானே!”

பதினெட்டு வருடம் பறந்து பறந்து ஓட்டியதற்கு ஒருவரும் எனக்கு மாலை போடவில்லை, ஒரு தரம் நின்றதற்குப் போட்டார்கள்.