ஒன்றும் தெரியாதவள் என்று சொன்னேன்

பொய் சொல்லித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். தேயிலை ஃபெக்டரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்... பச்சைப் பொய்!

எந்திரங்களை எப்படி இயக்க வேண்டும் என்று தமிழில் குறிப்பு எழுதுவது என் வேலை. ஹட்டன் அலுவலகத்தில் முதலாளி அன்றைக்குச் சொன்னார்: "தெரிஞ்சவங்க எழுதுனா பாதிய முழுங்கிடுவாங்க. தெரியாதவங்கதான் எல்லாத்தையும் கேட்டு எழுதுவாங்க." மண்டையை ஆட்டினேன். பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து உருட்டும் ரோலருக்குப் பக்கத்திலேயே சில வருடம் உழைத்தவள் என்பதை மறைத்தேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

அவர் சொன்னது சரிதானா? நீங்களே சொல்லுங்கள்!

ரோலரைப் போடுமுன் ஒருவர் "ரோதமுனி சாமியே!" என்று கத்துவார். எந்திரத்தைக் காக்கிற சாமி. சுற்றி நிற்கிற ஒவ்வொருவரும் பதிலுக்குக் கத்த வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் சுவிட்சில் கை வைக்கமாட்டார்கள். ரோலருக்கான குறிப்பில் அதை நான் எழுதவில்லை. தோன்றவே இல்லை! மூச்சு விடவும் என்று யாராவது எழுதி வைப்பார்களா? ஒன்றும் அறியாத ஒருத்தி அங்கே நின்றிருந்தால், ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டிருப்பாள்...

சுகந்தன் டவுனிலிருந்து புதிதாக ஃபெக்டரி வேலைக்கு வந்தவன். குறிப்புத் தாள்தான் இருக்கிறதே என்று மற்றவர்கள் அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தாளில் இருந்தபடியே சுவிட்சைப் போட்டான். ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்த சரோஜா அக்கா இன்னும் கையை எடுத்திருக்கவில்லை. இரண்டு விரல் போய்விட்டது. ஐயோ, அந்தக் கை!

அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். விசாரணையில் நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு சாமியைக் கூப்பிடும் அந்த வரியைத் தாளில் சேர்த்தேன். "பாத்தீங்களா, தெரியாதவங்க கண்ணுலதான் இதெல்லாம் படும்" என்று முதலாளி பாராட்டினார். சீ... அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்!

போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சுகந்தன் எதிரே வந்தான். இன்னும் வேலை கிடைக்கவில்லையாம்.

"சாமியக் கூப்பிடலன்னு எல்லாரும் திட்டுறாங்க மிஸ். தாள்ல அப்படி ஒன்னும் இல்லியே... நாந்தான் சரியா படிக்கலையோ? அந்தச் சாமி விஷயம் உங்களுக்கு முன்னமே தெரியுங்களா?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை...

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றேன்.

"அதுவும் சரிதாங்க மிஸ். உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து எனக்கு பஸ்ஸில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தான்.

நானும் போய் உட்கார்ந்தேன்.