இடுப்பில் கட்டிய வயிறு

மேசைக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிப்போன சக கம்பவுண்டர்களே, பாட்டிலுக்குள் இருப்பது உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாத தொழில் நம்முடையது. 1930களில் மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் வேலை பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

முட்டை எங்கே?

வயிறு செரிக்காதவர்களுக்குப் பெப்சின் மிக்ஸ்சர் கொடுப்போம். அந்தப் பொடியை எந்த மிருகத்தின் வயிற்றிலிருந்து எடுக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு இருமல் வந்துவிடும். புதுப் பொடி வந்தால் டாக்டர் சோதிக்கச் சொல்வார். அவித்த முட்டை வெள்ளையில் ஒரு சீவல், பெப்சின், கொஞ்சம் அமிலத் தண்ணீர், எல்லாம் ஒரு சின்ன பாட்டிலில். உடம்புச் சூடு வேண்டுமே, அதற்கு எங்களிடம் மெஷினா இருந்தது? துணியில் சுற்றி என் இடுப்பில் கட்டிக்கொள்வேன். சாயங்காலம் அவிழ்த்தால் முட்டை இருக்காது. மூடி திறக்கவில்லை, யாரும் தொடவில்லை, போயே போச்சு! என் வயிற்றை ஒட்டி இன்னொரு வயிறு நாள் முழுக்கத் தின்றுகொண்டிருந்ததை நினைத்தால் சோறு இறங்காது.

ஒருநாள் தலைவலிக்கு மருந்து வாங்க வந்த ரயில்வே பட்டறை பிட்டர் மாணிக்கம் இதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "அண்ணே, அதுக்குப் பசி அடங்கிருச்சா, இல்ல இன்னும் இருக்கா?"

அதே நிறம், அதே புளிப்பு

சில மாதத்தில் அந்த மாணிக்கத்துக்கே வயிறு கெட்டது. மீன், முட்டை எது தின்றாலும் விழுங்கினபடியே வெளியே வந்தது. அவர் மனைவி அஞ்சலை கைத்தாங்கலாகக் கூட்டிவந்து எங்கள் பெஞ்சில் படுக்கவைத்தாள். டாக்டர் பெப்சின் எழுதினார். நான் கலந்து, வழக்கமாகச் சொல்லும் இரண்டு வார்த்தையும் சொல்லி அவள் கையில் கொடுத்தேன்.

மூன்று வாரம் வேளை தவறாமல் கொடுத்தாள். ஆள் எலும்பாகிக்கொண்டே போனார். இப்படியே போனால் மாதம் தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவள் கொண்டுவந்த மிச்ச மருந்தை மோந்து பார்த்தேன், நாக்கில் ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன். அதே நிறம், அதே மணம், அதே புளிப்பு. அஞ்சலை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மருந்து உள்ள போயி ஒண்ணும் செய்யாம, சும்மா உக்காந்து பாக்குதாம் லா. அவருதான் சொல்றாரு."

வலப்பக்கம், இடப்பக்கம்

டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் மருந்தில் ஒரு சீவல், அஞ்சலையின் மிச்சத்தில் ஒரு சீவல். எங்களுடையதை வலப்பக்கமும் அவளுடையதை இடப்பக்கமும் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். சாயங்காலம் வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. இடப்பக்கத்தில் முட்டைச் சீவல் கூர்கூட மழுங்காமல், வெளுத்த கண் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அஞ்சலையை விசாரித்தார். வேளாவேளைக்குப் பாட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கி, மருந்து தளதளக்கிறவரை வைத்து, பிறகு ஆற்றிக் கொடுத்தாளாம்.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கச்சாங் பூத்தே விக்கிறவன் காகிதத்தைச் சுருட்டித் தாறான் எல்லோ, பிள்ளை? சுருளைப் பிரிச்சா காகிதம் அப்படியே இருக்கும், கடலை நிக்குமோ? பெப்சினும் அப்படித்தான். அதின்ரை வடிவத்துக்குள்ளே சாப்பாடு வந்து பொருந்தினாத்தான் வெட்டும். கொதிச்சா மடிப்புக் குலைஞ்சு போம், ஆறினாலும் திரும்பாது. ஆர் சூடாக்கச் சொன்னது?"

நான்தான். "சளி பிடிக்காம நல்லா சுடவெச்சுக் குடும்மா." இருமல் மருந்துக்குச் சொல்லிச் சொல்லி, எந்தப் பாட்டிலை நீட்டினாலும் கூடவே வந்துவிடும் பேச்சு அது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை நான். வெட்கக்கேடு! அஞ்சலை என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பிக்கொண்டாள். "யாரும் சொல்லலீங்க, என் புத்திதான்."

பெஞ்சில் படுத்திருந்தவர்

புது மருந்தைச் சுடவைக்காமல் கொடுத்தாள். நாலாம் நாள் முட்டை வயிற்றில் தங்கியது. ஒரு மாதம் கழித்து மாணிக்கம் தானே நடந்து வந்தார். சட்டை கொடியில் காய்வதுபோல் தோளில் தொங்கியது.

அடுத்த பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மேசைமேல் குனிந்து, டாக்டர் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, இதைச் சுடவெக்கணுமா, வேணாமா? மொத பாட்டிலைக் குடுத்த அன்னிக்கு நான் பெஞ்சுல கண்ணை மூடிட்டுதான் கெடந்தேன், தூங்கல."

நேரே உள்ளே போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் இந்த வாய் "சுடவெச்சுக் குடுங்க" என்று சொன்னதெல்லாம் காப்பிக்கு மட்டும்தான்.