டெய்லரக்கா அடைத்த பதினான்கு ஓட்டைகள்

சிமெண்ட் குழாயைக் கட்டிப்பிடிப்பதுபோல் குனிந்து, ஒட்டுப்போட்டு நீட்டிய அளவு நாடாவின் இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்து, "சுத்தளவு எண்பத்தெட்டரை" என்கிறார் டெய்லரக்கா. நாடா கழுத்துக்குத் திரும்புகிறது. காதில் செருகியிருந்த பென்சில் கைக்கு வருகிறது. வாடிக்கையாளர் நோட்டில் இந்தப் பக்கம் பள்ளிக்கூட டீச்சரின் தோளகலம். அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு 'பாலம்'. அதற்கும் நீளம், அகலம், சுற்றளவு, கொடுக்க வேண்டிய தேதி என்று முறையாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார். குழாயை இறக்கிய களைப்பில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி, அளவெல்லாம் குழாயிலேயே எழுதித்தான் வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறார்.

"ரெடிமேட் அளவை நான் நம்புறதில்ல மேஸ்திரி."

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். தைத்துத் தைத்தே ஒரு துண்டு மேட்டு நிலம் வாங்கி, இரண்டு அறை கட்டி, முன்னறையில் மூன்று தையல் மெஷின்களைப் போட்டார். நிலத்தில் ஒரே ஒரு குறை. சாலை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஓடை. ஓடையைத் தாண்ட ஒரு பலகை. துணி கொடுக்க வருகிறவர்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதில் நடந்து வருவார்கள். சிலர் விழுவதும் உண்டு. விழுந்தவர்களுக்கு அளவு எடுப்பது சுலபம், துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அக்காவின் தொழில் அனுபவம்.

விழுந்தவர்களில் ஒருத்தி அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால், புது வீட்டைப் பார்க்க ஆசையாக வந்தவள் பலகையின் நடுவில் வழுக்கி இடுப்பளவு சேற்றில் நின்றாள். புதுச் செருப்பில் ஒன்றைத் தண்ணீர் கொண்டு போயிற்று. அடி ஒன்றும் இல்லை. அக்கா ஓடிப்போய்க் கை கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பலகையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். தங்கை தானாகவே கரையேறி, ஒற்றைச் செருப்போடு சாலையில் நின்று, "உன் வாசல்படி வரைக்கும் கார் வந்தாத்தான் இனி நான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அந்தக் குடும்பமே ஒரு மாதிரி. தினமும் போனில் பேசுகிறார்கள், தினமும் சண்டை போடுகிறார்கள், ஆனால் ஆறு வருஷமாக அவள் வரவில்லை. இப்போது முழங்காலில் ஆபரேஷன் முடிந்து, பத்து நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று மனசு கொஞ்சம் இளகியிருக்கிறாள். மாதக் கடைசியில் கார் வரும். பாலம் இருந்தால் வாசல் வரை வரும், இல்லையென்றால் அப்படியே திரும்பிவிடும்.

கேட்பவர்களிடமெல்லாம் வாடிக்கையாளர் வசதிக்காகத்தான் பாலம் என்று அக்கா சொல்லிவந்தார். உண்மை அதுவல்ல. தங்கை வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத வீடு தன் வீடு என்றே அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

வேலை இதுதான். ஓடைக்குள் குழாய்களைப் பதித்து, மேலே மண்ணைக் கெட்டித்து, தளம் போட வேண்டும். அங்கிருந்து மேட்டை வெட்டி வாசல்படி வரை வண்டிப்பாதை. வெட்டிய மேடு சரிந்துவிடாமல் இருக்க ஆறடி உயரத்துக்குக் கல்லால் ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு மேலே நாலு எட்டு வைத்தால் மெஷின் அறை. அதாவது சுவர் நின்றால் அறை நிற்கும். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, "நாளைக்கு பாதி முடிஞ்சிரும்க்கா" என்றார் மேஸ்திரி. அக்கா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"அந்த 'நாளைக்கு'ங்கறத நான் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். எங்கிட்டயேவா?"

அன்றிலிருந்து மேஸ்திரி 'நாளைக்கு' என்பதை விட்டுவிட்டுத் தேதி சொல்ல ஆரம்பித்தார்.

எதையும் சரியான அளவில் முடிப்பது அக்காவுக்கு ஆகாது. துணியில் அரை இஞ்சு உள்ளே விடாமல் தைப்பவனை அவர் டெய்லர் என்றே ஒத்துக்கொள்வதில்லை. நாளைக்கு உடம்பு பெருத்தால் எங்கே பிரித்து விடுவது? பாலத்துக்கு இரண்டு குழாயை நீளவாக்கில் சேர்த்தால் போதும் என்று மேஸ்திரி சொல்ல, மூன்றாவதையும் போட வைத்தார். பாலம் பெருக்காது என்று மேஸ்திரி வாதாடினார். வருகிற வண்டி பெருக்கும் என்றார் அக்கா. சுவருக்கு அடித்தளம் தோண்டும்போதும் வந்து நின்று, "உள்ள விட்டிருக்கீங்களா மேஸ்திரி?" என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். மேஸ்திரி தலையை ஆட்டிவைத்தார்.

ஒரு வழியாகச் சுவர் எழும்பியது. கற்களின் இணைப்பையெல்லாம் தையலைப் பார்ப்பதுபோல் மூக்கு உரசப் பார்த்துத் திருப்தியானார் அக்கா. தளம் இறுகட்டும், பத்து நாள் கழித்து வருகிறேன், அதுவரை பாலத்தில் வண்டி விட வேண்டாம் என்று சொன்ன மேஸ்திரி, போகும்போது சுவரில் விட்டிருக்கும் ஓட்டைகளைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த நேரம் அக்கா போனில் இருந்தார். மறுமுனையில் தங்கை, தலையணை உயரத்தைப் பற்றி. "சரி சரி" என்று அக்கா சொன்னது தங்கைக்கு. மேஸ்திரி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

போகும்போது மேஸ்திரி அடைத்துவிடுவார் என்று அக்கா நினைத்திருந்த ஓட்டைகள், மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் சுவர் முழுக்க அப்படியே இருந்தன. மேலே ஏழு, கீழே ஏழு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய். ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத பிறவி அக்கா; பேருந்தில் முன் சீட்டுக்காரரின் சட்டை கிழிந்திருந்தால்கூட ஊசி நூலை எடுத்துவிடுவார். சாரம் கட்டிய ஓட்டைகளை மேஸ்திரி அடைக்காமல் ஓடிவிட்டார் என்று முடிவு கட்டினார். பதினான்கு ஓட்டைகளிலும் வாடிக்கையாளர்களுக்குத் தைத்து மிஞ்சிய வெட்டுத்துணியைத் திணித்து, மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் தேய்த்து மழமழவென்று ஆக்கினார். இரண்டு நாள் தண்ணீர் தெளித்து இறுக வைத்தார். படம் எடுத்துத் தங்கைக்கும் அனுப்பினார்.

மழை எட்டாவது நாள் பிடித்தது. ஒரு நாள் முழுக்கப் பெய்து, மறுநாளும் விடவில்லை. தங்கை வர இன்னும் நான்கு நாள். மத்தியானம் குடையோடு இறங்கி வந்த அக்கா, சுவர் வியர்த்திருப்பதைப் பார்த்தார். பிறகு இன்னொன்றையும் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அளவெடுத்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்தது. சுவருக்குத் தொப்பை விழுந்திருந்தது. நூலில் தையல் மெஷினின் பாபினைக் கட்டி, தூக்குக்குண்டுபோல் மேலிருந்து தொங்கவிட்டு அளந்தார். நடுவில் ஒன்றரை இஞ்சு முன்னால் வந்திருந்தது. உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டார். ஓட்டையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார் மேஸ்திரி. எந்த ஓட்டை என்று கேட்டார் அக்கா.

"அக்கா, மண்ணுக்குள்ள இறங்குற தண்ணி வெளிய வரதுக்கு விட்ட வழிக்கா அது. கழுத்து வெட்டாம சட்டை தைப்பீங்களா? தலை எப்படி வெளிய வரும்?"

இந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் அக்காவுக்குப் புரிந்திருக்கும். மேஸ்திரி அவசர அவசரமாகச் சொன்னார்: தொப்பைக்கு நேராக நிற்க வேண்டாம், சுவரின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து கீழ் வரிசையைக் குத்தித் திறக்க வேண்டும், இதோ கிளம்பி வருகிறேன்.

கடப்பாரையோடு அக்கா குத்தத் தொடங்கினார். சிமெண்ட் அசையவில்லை. தன் கைவேலை இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டார். தங்கை திரும்பிப் போகும் காரின் பின்பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றது. அழுகை வந்தது, அழுதுகொண்டே குத்தினார். முதல் ஓட்டை உடைந்து, உள்ளேயிருந்த பூப்போட்ட துணியைப் பிடித்து இழுத்ததும், கலங்கல் தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது. டீச்சரின் துணி. அடுத்ததில் கோடு போட்ட துணி, தபால்காரர். மேஸ்திரி மோட்டார் சைக்கிளைச் சாலையிலேயே போட்டுவிட்டு, நனைந்தபடி பாலத்தைத் தாண்டி ஓடிவந்தபோது, அக்கா ஏழாவதில் இருந்தார், வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் சேற்றில் கிடந்தார்கள். மிச்சத்தை மேஸ்திரி திறந்தார். பதினான்கு ஓட்டைகளிலும் தண்ணீர் கொட்டியது. பாபினைத் தொங்கவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை அளந்தார்கள். ஒன்றரை இஞ்சு ஒன்றரை இஞ்சாகவே நின்றது.

இருட்டும் முன் மழை விட்டது. இந்தத் தொப்பை இனி உள்ளே போகாது, ஆனால் சுவர் விழாது என்றார் மேஸ்திரி. எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று கேட்டார் அக்கா. மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க தொல்லை தாங்காம அடியில ஒரு அடி அகலம் கூடுதலா உள்ள விட்டேன்க்கா. அதான் நிக்குது."

நான்காம் நாள் காலை கார் வந்தது. பாலத்தில் ஏறியது, இறங்கியது, சுவரை ஒட்டி வந்து வாசல்படி முன்னால் நின்றது. தங்கை கைத்தடியை ஊன்றி இறங்கினாள். ஓடையைத் திரும்பிப் பார்த்தாள். பாலத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்காவும் எதிர்பார்க்கவில்லை. அவள் கண் சுவருக்குப் போனது. ஓட்டைகளில் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரே அம்மாவிடம் ஊசி பிடிக்கக் கற்றவர்கள் இருவரும்.

"இவ்ளோ பெரிய சுவரைக் கட்டிட்டு ஓட்டையை அடைக்காம விட்டிருக்கியே" என்றவள், கைக்குட்டையை முறுக்கிப் பக்கத்து ஓட்டைக்குள் நுழைக்கப் போனாள்.

அக்கா பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டார். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டார். நாலு படி ஏறி வீட்டுக்குள் போகும் வரை விடவில்லை.