கிணறு எந்தப் பக்கம்

நிலம் விற்கிறவர் சிரித்துச் சிரித்துப் பேசினால் நான் இன்றைக்கும் பத்திரத்தை இன்னொரு முறை படிப்பேன். இந்த வியாதி அறுபதுகளின் கடைசியில் பிடித்தது. அப்போது சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். காலையில் பட்டாபிராமில் ரயிலேறி நகரத்துக்குப் போய்ச் சொத்து மாற்றுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படிப்பேன். மாலையில் அம்பத்தூரில் ஒரு வக்கீலிடம் தொழில் பழகுகிறேன் என்ற பெயரில் படித்ததை மறப்பேன். அங்கே பழைய கிரயப் பத்திரம் ஒன்றை மாதிரிக்கு வைத்திருந்தார்கள். பெயர்களையும் நான்கு எல்லைகளையும் மாற்றி, யாதொரு வில்லங்கமும் இல்லை என்று முடித்தால் புதுப் பத்திரம் தயார். வில்லங்கம் இல்லையென்று யார் போய்ப் பார்த்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"விக்கிறவரே சொல்றாரே, அப்புறம் என்ன?" என்றார் சீனியர், செய்தித்தாளைத் தாழ்த்தாமலே.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் மனை வாங்க வந்தார். அவருடைய அப்பா பிறத்தியார் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் ஒரு பிடி மண் இருந்ததில்லை. மனைவியின் நகையை விற்று முன்பணம் கொடுத்திருந்தார். விற்பவர் ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அவர்தான் அந்தச் சிரிப்புக்காரர்.

அவர் கொண்டுவந்தது தம்பியோடு செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். நிலத்தின் கிழக்குப் பாதி, கிணறு உட்பட, அண்ணனான இவருக்கு. மேற்குப் பாதி தம்பிக்கு. முறையாகப் பதிவான பத்திரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. சீனியரிடம் சொல்லாமல், லேத்காரரைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு இடத்தைப் பார்க்கப் போனேன்.

அங்கே வந்திருந்த அண்ணன் காட்டிய இடம் சாலையோரம் நல்ல மேடு. சுற்றிப் பார்த்தேன். கிணற்றைக் காணோம்.

"கெணறா? அதோ, தம்பி பக்கத்துல கீது பாரு."

"பத்திரத்தில் உங்களுக்கென்று இருக்கிறதே."

"அது அப்போ. எனக்கு ஆவடில வேலை கெடச்சிட்சி. பயிர் வெக்கிறது அவன். கெணத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? அவன் கெழக்கால, நான் மேற்கால, மாத்திக்கினோம்."

"எழுதினீர்களா?"

"கூடப் பொறந்தவன்கிட்ட எழுதி வாங்குவாங்களா வக்கீலே?" என்று சிரித்தார்.

எழுதுவது கிழக்கு, காட்டுவது மேற்கு. இது தெரியாமல் நடக்கிறதா, தெரிந்தே நடக்கிறதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. லேத்காரருக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ நான் குட்த்த அட்வான்ஸு கெணத்துல போட்டா மாதிரியா சார்?"

வழி ஒன்றுதான். அண்ணனும் தம்பியும் இடம் மாற்றிக்கொண்டதற்கு முதலில் ஒரு பரிவர்த்தனைப் பத்திரம். அதன் பிறகு கிரயம். தம்பி வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவர் என்னைவிடச் சந்தேகக்காரர்.

"நான் இன்னாத்துக்குக் கையெழுத்துப் போடணும்? இன்னிக்கிக் கையெழுத்து, நாளிக்கி பம்புசெட்டக் காலி பண்ணும்பீங்க. அண்ணந்தான் உன்ன அனுப்ச்சிச்சா?"

சட்டத்தில் எந்தப் பிரிவு என்று விளக்கினேன். அவர் அடுத்த மடைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போய், "காகிதத்தின்படி நீங்கள் நிற்கிற இடம் உங்கள் அண்ணனுடையது. கிணற்றோடு சேர்த்து யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்" என்றேன்.

மண்வெட்டி நின்றது. சாலையோரம் நின்ற அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணன் அப்டி செய்யாது." பிறகு, குரலைத் தாழ்த்தி, "செய்யுமா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

கையெழுத்துக்கு வந்த நாளில், பதிவு அலுவலக வாசலில் இன்னொரு தடங்கல். பரிவர்த்தனைப் பத்திரத்தை ஆளுக்கொன்றாக இரண்டு பிரதி எழுதியிருந்தேன். யார் முதலில் போடுவது?

"நீ பெரியவன், நீ போடு."

"நான் போட்டதும் நீ எழுந்து போயிகினே இருந்தா?"

கடைசியில் ஆளுக்கொரு பேனா கொடுத்து, ஆளுக்கொரு பிரதியில் ஒரே சமயத்தில் போடவைத்தேன். பிறகு பிரதிகளை மாற்றிக்கொண்டு மறுபடி. கல்லூரியில் இதற்குப் பிரிவு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. லேத்காரர் அரைநாள் லீவில் வந்து, இரண்டு பேனா முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பதிவானதும் கிரயப் பத்திரத்தை லேத்காரரிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்.

"கோச்சிக்காதீங்க சார். இத்த வேற வக்கீல்கிட்ட காட்டிகினு வந்துடட்டா?"

"இன்னாபா, இம்மாந்தூரம் வந்தப்புறம்?" என்றார் அண்ணன்.

காட்டிவிட்டு வரச் சொன்னேன். சைக்கிளையும் கேட்டார், சாவியைக் கொடுத்தேன். அவர் திரும்பும்வரை நானும் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

"சரியா கீதாம் சார்" என்று வந்து நின்றார்.

அண்ணன் பேனாவை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் தடவிப் பார்த்துக் கையெழுத்திட்டார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு முதன்முறையாக நிம்மதியாக இருந்தது.